சிவப்பு பூட்ஸ் போட்ட முனியாண்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி சாமி முழங்கால் வரைக்கும் சிவப்பு பூட்ஸ் போட்டிருப்பார். இடுப்பில் மஞ்சள் பட்டை, மார்பின் நடுவில் பொன்னிறச் சக்கரம், முதுகுக்குப் பின்னால் சுவரில் வரைந்த ஊதா நிறத் துணி ஒன்று காற்றில் பறந்துகொண்டிருக்கும். கையில் அரிவாளும் முகத்தில் மீசையும் இருப்பதால் அவர் முனியாண்டிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த படித்த மனிதர் ஒருவர், இது எந்த மரபைச் சேர்ந்த சிலை என்று கோயில் கமிட்டியிடம் கேட்டாராம். தமிழ்நாட்டிலிருந்து தாத்தாமார்கள் கொண்டுவந்த வழக்கம் என்று கமிட்டி பதில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கம் துரை பங்களாவிலிருந்து என் ஸ்வெட்டருக்குள் ஒளிந்து வந்தது என்பது எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். அம்மா முன்பெல்லாம் மலையில் கொழுந்து எடுத்தவர். ஒரு மழைக்காலத்தில் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. அதற்குப் பிறகு அவரால் சரிவில் நிற்க முடியவில்லை. ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி பரிதாபப்பட்டுத் தோட்ட மேலாளரான துரையிடம் சொல்லி, பங்களாவில் வீட்டு வேலை வாங்கிக் கொடுத்தார். கூட்டுவது, துடைப்பது, துரை மகனின் அறையை ஒழுங்குபடுத்துவது, பிற்பகல் நாலு மணிக்குக் கூடத்துக் கணப்பில் தீ மூட்டுவது, இவைதான் வேலை. அந்த வேலை போனால் அம்மா மறுபடியும் மலையேற வேண்டும். ஏறினால் என்னவாகும் என்பது, காலையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பங்களாவுக்கு ஒரு சட்டம் உண்டு. அங்கே இருக்கும் எதுவும் வேலைக்காரர்களின் வீட்டு வரிசையான லயத்துக்கு வரக்கூடாது. நான் முதலாம் ஆண்டு படித்தபோது பங்களாத் தோட்டக்காரர் ஒருவர் வெண்ணெய் டின் ஒன்றை எடுத்துப் பிடிபட்டார். மறுநாளே அவர் குடும்பத்தின் பாயும் சட்டியும் லோரியில் ஏறின. வீடு தோட்டத்தினுடையது, வேலை போனால் வீடும் போய்விடும். அந்த வீட்டுப் பெண் என் வகுப்பில் படித்தவள். லோரியின் பின்னால் ஒரு வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கையசைத்தேன், அவள் அசைக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்துதான் நான் திருடினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துரைக்கு ஒரே மகன், என் வயதுதான் இருக்கும். எங்கோ விடுதியில் தங்கிப் படித்தான். விடுமுறைக்கு வரும்போது ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் கொண்டுவருவான். எங்கள் பள்ளிப் பாடநூலில் முப்பது பக்கத்துக்கு ஒரு படம் இருக்கும். அதுவும் கறுப்பு மையில் ஓர் ஆடு. அது ஆடுதான் என்று வாத்தியார் சொல்லித்தான் தெரியும். அவனுடைய புத்தகங்களிலோ பக்கத்துக்கு ஆறு படம், அத்தனையும் வண்ணம். தொப்பி வைத்த பன்றி ஒன்று தீயணைப்பு வண்டி ஓட்டிக்கொண்டு போகும். கூரையிலிருந்து விழுந்து அப்பளம் மாதிரி தட்டையாகிப் போன பூனை, அடுத்த கட்டத்திலேயே எழுந்து நடக்கும். எனக்கு அங்கே ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனாலும் விடுமுறை நாட்களில் அம்மாவோடு பங்களாவுக்குப் போய்ப் பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தீ மூட்டுவதற்கென்று கூடையில் போட்டிருக்கும் கிழிந்த புத்தகங்களைப் பார்க்கலாம். பார்த்துவிட்டுத் திரும்பவும் கூடையிலேயே போட்டுவிட வேண்டும். நாலு மணிக்குப் பன்றியும் பூனையும் எரிந்துவிடும்.

அந்த ஆகஸ்டு விடுமுறையில்தான் நான் அவனைப் பார்த்தேன். துரை மகனைச் சொல்லவில்லை, பறக்கிறவனைச் சொல்கிறேன். உடம்போடு ஒட்டிய பச்சை உடுப்பு, சிவப்பு பூட்ஸ், ஊதாத் துணி, மார்பில் சக்கரம், கண்ணைச் சுற்றி முகமூடி. பகலெல்லாம் வண்டியில் வைத்து ரொட்டி விற்பான். யாராவது ஆபத்து என்று கத்தினால் வண்டிக்குப் பின்னால் குனிந்து உடுப்பு மாற்றிக்கொண்டு வானத்தில் ஏறிவிடுவான். உடையும் பாலத்தைத் தோளில் தாங்குவான். விழும் குழந்தையைத் தரைக்கு ஒரு முழம் மேலே பிடிப்பான். அதைப் பார்த்த பிறகு, ரிங்லெட் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் லயத்துக்கு ரொட்டி கொண்டுவரும் பாயை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். அவருக்குத் தொப்பை இருந்ததுதான் கொஞ்சம் இடித்தது.

அந்தப் புத்தகம், எரிக்கப் போடும் கூடைக்கும் ஒரு நாற்காலிக்கும் நடுவில் தரையில் கிடந்தது. கூடையிலிருந்து விழுந்ததா, நாற்காலியிலிருந்து விழுந்ததா என்று எனக்குத் தெரியாது என்றே இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அதன் ஓரங்கள் கிழியவில்லை. அட்டை பளபளவென்று இருந்தது. எரிக்கப் போகிறார்களே என்ற பதற்றத்தில்தான் எடுத்தேன். எரிக்கப் போகிற புத்தகம் அவ்வளவு புதிதாக இருக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும். மலையில் எந்நேரமும் குளிர் என்பதால் ஸ்வெட்டர் போட்ட பிள்ளையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வீட்டில் அதைப் பாய்ச் சுருட்டுக்குள் வைத்தேன். எங்களோடு தங்கியிருந்த மாமா மத்தியானத் தூக்கத்துக்குப் பாயை உருவியபோது அது அவர் மார்பில் விழுந்தது.

மாமா அம்மாவின் தம்பி. தேயிலைச் செடிக்கு மருந்து அடிக்கும் கும்பலில் வேலை. வேலை அதுவென்றாலும் தன்னை அவர் ஓவியர் என்றுதான் சொல்லிக்கொள்வார். லோரிக் கதவுகளில் அன்னம் வரைவார், ரிங்லெட் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். அந்த வருஷம் அவருக்கு ஒரு பெரிய வேலை வந்து தலையில் விழுந்திருந்தது. அதுவரை எங்கள் முனியாண்டிக்கு ஒரு கல்லும் சூலமும்தான். சிலை வைக்க வேண்டும் என்று மண்டோர் முடிவெடுத்தார். மலையில் வேலை வாங்குகிறவரும் அவர்தான், கோயில் தலைவரும் அவர்தான், அதனால் இரண்டு இடத்திலும் எதிர்ப்பேச்சு கிடையாது. மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்த கொத்தனார் சிமெண்டில் ஆளுயரத்துக்கு ஒரு உருவம் செய்தார். கால் அகட்டி, கை ஓங்கி, மீசையோடு நன்றாகவே செய்தார். பிறகு சாப்பாட்டில் தனக்கு மீன் தலை வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, சாயம் அடிக்காமலே பஸ் ஏறிவிட்டார். ஆடித் திருவிழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த வேலையை நான் முடிக்கிறேன் என்று மாமா மார் தட்டிவிட்டு வந்திருந்தார்.

மார் தட்டியவருக்குச் சாமிக்கு என்ன உடுப்பு அடிப்பது என்று தெரியவில்லை. முருகனுக்கும் மாரியம்மனுக்கும் காலண்டரில் படம் கிடைக்கும். முனியாண்டிக்குக் கிடைக்கவில்லை. வெறும் வேட்டி என்றார் மண்டோர். அதற்கு நான் எதற்கு, சுண்ணாம்புக்காரன் போதுமே என்று மாமாவுக்கு வருத்தம்.

இந்த நிலைமையில்தான் பறக்கிறவன் அவர் மார்பில் விழுந்தான். மாமா எழுந்து உட்கார்ந்தார். கதவை முழுதாகத் திறந்து வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தூக்கத்தை மறந்துபோனார்.

"யாரு இவன்?"

"பறக்கிறவன். யாராச்சும் ஆபத்துன்னு கத்துனா வந்துருவான். கெட்டவனப் புடிச்சிருவான்."

"அப்ப நம்ம முனியாண்டி வேலதானே பாக்குறான்?" என்றார் மாமா. "எங்கேர்ந்து வந்திச்சி இது?"

"பங்களாவுல எரிக்கப் போட்டாங்க."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலே கேட்கவில்லை. கேட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குப் பட்டிருக்கும். "சாயம் அடிச்சி முடிச்சோன குடுத்துர்றேன்லா. ஒங்கம்மாகிட்ட மூச்சு விடாத," என்று சட்டைக்குள் செருகிக்கொண்டார். மறுநாளிலிருந்து சிலையைச் சுற்றிக் கான்வாஸ் கட்டி, கண் திறக்கும் நாள் வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் பங்களாவில் தேடத் தொடங்கினார்கள்.

அது துரை மகனுக்குப் பிறந்தநாளைக்கு வந்த புத்தகமாம். உள்ளே யாரோ கைப்பட எழுதியிருந்தார்களாம். பையன் அழுது சாப்பிட மறுத்தான். துரைசானி மேசைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், கணப்புச் சாம்பலில்கூடத் தேடினார். பையனின் அறைக்குள் போகிற வேலைக்காரர்கள் இரண்டே பேர், அம்மாவும் சமையல்காரரும். சமையல்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய தனி ஆள். பயந்த சுபாவம். எனக்கு எப்போதாவது அடிப்பிடித்த கேக்கின் ஓரத்தை, சட்டப்படி அங்கேயே நின்று தின்னச் சொல்லிக் கொடுப்பவர். துரைசானி அவரைத்தான் முதலில் கேட்டார். பயத்தில் வாய் தவறியதோ, கண்ணால் கண்டதோ, "அந்தப் பொம்பளயோட மகதாம்மா லீவு முழுக்க இங்க குந்தியிருந்திச்சி," என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே என்னைக் கேட்டார். குரலில் கோபமில்லை.

"சின்னத் துரையோட பொஸ்தகத்த எடுத்தியா நீ?"

"இல்லம்மா."

"கூடையில கெடந்துச்சின்னுகூட எடுக்கலியே?"

"இல்லம்மா."

அம்மா தலையசைத்தார். "அதானே. எம்புள்ள எடுக்காது," என்று அரிசித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனார். என்னை அவர் நம்பியது எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. அதைவிட வெட்கப்பட வேண்டிய நிம்மதி எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

மறுநாள் துரை இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கிராணிதான் இங்கிலீஷைத் தமிழாக்கினார். நான் எடுக்கவில்லை, என் மகளும் எடுக்கவில்லை என்றார் அம்மா. நானும் எடுக்கவில்லை என்றார் சமையல்காரர். துரைக்கு அலுத்துவிட்டது. மகனின் விடுமுறை முடிவதற்குள் யார் என்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று சொல்லி எழுந்துவிட்டார். வெளியே காத்திருந்த மண்டோர்தான் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை திருவிழாவில் சாமிக்குக் கண் திறக்கிறோம், புதுசாகக் கண் திறந்த சாமிக்கு முன்னால் இரண்டு பேரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்யட்டும், பொய்ச் சத்தியம் செய்தவரை ஒரு மண்டலத்துக்குள், நாற்பத்தெட்டு நாளில், சாமி கை வைத்துவிடும் என்றார். கிராணி இதைத் துரையிடம் சொன்னபோது அவர் சரி என்றாராம். பல வருஷம் இந்த மலையில் இருந்தவர். அவருக்கும் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

சூடம் அடிப்பது என்றால் எங்கள் தோட்டத்தில் விளையாட்டில்லை. எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொன்ன வார்த்தைக்கு உயிரைப் பணயம் வைப்பது. அதில் பொய் சொன்ன ஒருவருக்குக் கண் போனது, ஒருவருக்கு வாய் கோணியது என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த ஏற்பாட்டைக் கேட்ட நிமிஷமே மாமாவிடம் ஓடினேன். அவர் கான்வாஸுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். தாடியெல்லாம் பச்சை.

"பொஸ்தகத்தக் குடு மாமா. கூடையில போட்டுட்டு வந்துர்றேன்."

மாமா எடுத்துக் காட்டினார். அட்டையில் சிவப்பு, நடுப்பக்கத்தில் பச்சைக் கட்டைவிரல், பறக்கிறவனின் முகத்திலேயே ஊதாச் சொட்டு. அதைப் பார்த்தால் துரை கூடப் பெயிண்டரைத்தான் தேடுவார்.

"இத எப்படிலா குடுக்கிறது? ஒங்கம்மாவுக்குத் தெரியாதில்ல? தெரியாம சொல்றது பொய்யாவாது. சாமிக்கு அது தெரியும். பேசாம போ," என்றார்.

இந்தச் சமாதானம் எனக்கு ஒரு நாள் தாங்கியது. ஞாயிறு காலை அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அம்மா விரதம். தலை முழுகி மஞ்சள் சேலை கட்டி, நெற்றியில் விபூதியோடு, ஒரு கவலையும் இல்லாமல் எனக்குப் பின்னல் போட்டுவிட்டார். உண்மை பேசப் போகிறவரின் முகம் அது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

கோயில் முன் லயமே கூடியிருந்தது. மேலே இருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் கூட்டத்தில் முன்வரிசையில் அம்மாவும் நானும். எதிர்ப்புறம் சமையல்காரர், வெள்ளைச் சட்டை போட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார். துரைக்குச் சாட்சி சொல்லக் கிராணி வந்திருந்தார். மாமா திரைக்குப் பின்னாலிருந்து கண்ணை எழுதி முடித்தார். சாமியின் முதல் பார்வை விழுவதற்காகப் பூசாரி கண்ணாடியைக் காட்டினார். பறையும் உடுக்கையும் முழங்கத் திரை விழுந்தது.

கொஞ்ச நேரம் யாரும் அரோகரா சொல்லவில்லை.

சிமெண்டு முனியாண்டி பச்சை உடுப்பில் நின்றார். சிவப்பு பூட்ஸ் மூடுபனியிலும் மின்னியது. மார்பில் சக்கரம், இடுப்பில் பட்டை, முதுகிலிருந்து சுவர் முழுக்க ஊதா. முகமூடியை மட்டும் மாமா விட்டுவிட்டார், கண் திறக்க வேண்டுமே.

"என்னாடா இது? சாமிக்கு ஏண்டா பூட்ஸு?" என்றார் மண்டோர்.

மாமா இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். "ராப்பகலா மல சுத்துற சாமிண்ணே. வெறுங்காலோட சுத்துனா அட்ட கடிக்காதா? மருந்தடிக்கிற எனக்கே தோட்டத்துல பூட்ஸு குடுக்கிறாங்க. சாமிக்கு வேணாமா?"

"பொறத்தால பறக்குதே, அது?"

"மழைத் துணி. நம்ம பொம்பளைங்க கொழுந்தெடுக்கப் போனா பிளாஸ்டிக் போத்திக்கிறதில்ல?"

கூட்டம் யோசித்தது. அட்டைக்கடி வாங்காத கால் அங்கே ஒன்றும் இல்லை. "ஆமாலா, குளுருது பாவம்," என்றாள் பின்னால் ஒரு பெண். யாரோ ஒருவர் அரோகரா என்றார், பிறகு எல்லோரும் சொன்னார்கள். எங்களைப் போலவே உடுத்திக்கொண்டு எங்களோடு மலையேறுகிற சாமி என்று அவர்களுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. மாமா ஒரே நிமிஷத்தில் தோட்டத்தின் பெரிய ஆளானார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாமியைக் காலிலிருந்து பார்த்துக்கொண்டு போனார். பூட்ஸ், பட்டை, சக்கரம். அங்கே அவர் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு ஊதாத் துணி. பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார். அம்மா கடைசியாக என்னைப் பார்த்தார். புதுச் சாமி மகளுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதாக எண்ணி நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என் தோளில் இருந்த கையை எடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

சமையல்காரர் முதலில் அடித்தார். நான் எடுக்கவில்லை என்று சொல்லும்போது அழுதுவிட்டார். அடுத்தது அம்மா. பூசாரி தட்டில் புதுக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார்.  அம்மா கற்பூரம் பாதி எரியும் வரை நின்றார். என்னம்மா என்று கிராணி கேட்கும் அளவுக்கு நேரமாகிவிட்டது.

"நான் எடுக்கல. எம்புள்ளயும் எடுக்கல. பொய்யின்னா எங்கையோட போவட்டும். எம்புள்ளயத் தொட வேணாம்," என்று சொல்லி ஓங்கி அடித்தார்.

கூட்டம் அரோகரா என்றது. 

கிராணி பங்களாவில் போய் இரண்டு பேரும் சத்தியம் செய்துவிட்டார்கள் என்றார். அடுத்த வாரம் பையன் விடுதிக்குத் திரும்பினான். துரை அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். லயம் விடவில்லை. ஒருவர் சொன்னது பொய் என்று அதற்குத் தெரியும், சாமி யாரைத் தொடப் போகிறது என்று காத்திருந்தது. நான் சிலேட்டில் நாள் எண்ணினேன். தினம் பள்ளி விட்டதும் கோயிலுக்குப் போய்ப் பூட்ஸைத் தொட்டுக் கும்பிட்டு, உனக்கு உடுப்பு கொண்டுவந்து கொடுத்தவள் நான், கேட்பதாக இருந்தால் என்னைக் கேள், அம்மாவின் கையை விட்டுவிடு என்று பேரம் பேசினேன். பாலத்தையே தாங்குகிறவனுக்கு இது பெரிதில்லை என்றும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டு பேரில் யாரிடம் வேண்டினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பத்தாம் நாளோ என்னவோ தாங்க முடியவில்லை. அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "அம்மா, அந்தப் பொஸ்தகம்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பொஸ்தகம்? நம்ம ஊட்டுல ஏது பொஸ்தகம்? போ, பைப்புல தண்ணி வருதான்னு பாரு," என்றார், திரும்பிப் பார்க்காமலே. அம்மாவுக்கு விஷயமே புரியவில்லை என்று எண்ணிக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போனேன்.

இருபதாவது நாளுக்கு மேல் சமையல்காரருக்குக் கன்னம் வீங்கியது. பல்லில் சீழ் வைத்திருந்தது என்று இப்போது சொல்லலாம். அன்று யாரும் பல்லைப் பற்றிப் பேசவில்லை. சாமி கை வைத்துவிட்டது என்றார்கள். வாயால்தானே பொய் சொன்னான், வாயிலேயே வைத்துவிட்டது பார் என்றார்கள். பிள்ளைகள் அவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நானும் நின்றேன். அம்மா தப்பித்தார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அம்மா மட்டும் நடந்துகொண்டது விசித்திரம். தினமும் பங்களா வேலை முடிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கஞ்சியும் ரசமும் தூக்கிக்கொண்டு கடைசி லயத்திலிருந்த அவர் வீட்டுக்குப் போனார். தன் மகள் மேல் பழி போட்டவனுக்கே கஞ்சி ஊற்றுகிறாளே என்று லயம் அம்மாவைப் புகழ்ந்தது. வெளியே யாராவது புகழ்ந்தால் அம்மா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்வார். வீக்கம் வடிந்த பிறகும் சமையல்காரர் முகத்தை யாரும் நேராகப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் அவர் ஒரு தகரப் பெட்டியோடு கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். பஸ் நிற்கும் இடம் வரை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது என் அப்பா. அனுப்பியது அம்மா.

புத்தகம் என்னவாயிற்று என்று மாமாவைக் கேட்டபோதெல்லாம் அவர் மழுப்பினார். எண்பதுகளில், எனக்குத் தாப்பாவில் வேலை கிடைத்துச் சம்பளம் வாங்கத் தொடங்கிய காலத்தில், சாமிக்கு மறுபடியும் சாயம் அடித்தார்கள். நரைத்த தலையோடு மாமாதான் அடித்தார். பூட்ஸுக்கு இரண்டாம் பூச்சு கொடுத்துக்கொண்டே, கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்குத் திருவிழாச் சோறு போடுறதுக்கு முன்னாலயே ஒங்கம்மா எங்கிட்ட வந்திருச்சி. ஒரு வார்த்த பேசல. கைய நீட்டுச்சி. பொஸ்தகத்த வாங்கி மடியில செருகிக்கிட்டுப் போயிருச்சி. மறுநா பங்களாவுல கணப்புப் பத்த வச்சப்ப போட்டிருக்கும். அந்தப் பையன் ரூம்ப தெனம் தொடச்ச ஆளு, அட்டப் படம் தெரியாம இருக்குமா? எனக்குத்தான் புத்தியில்ல."

 அந்தக் கற்பூரம் பாதி எரியும் வரை அம்மா எதற்காக நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பயந்தவர் சமையல்காரர் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். வாய் கோணும், கண் போகும் என்பதை என்னைவிடக் கூடுதலாக நம்பியவர் அம்மா. நம்பிக்கொண்டேதான் அடித்தார்.

அந்த ஆடிக்குப் பிறகு அம்மா கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. ஆனால் பூசாரி தீபத்தட்டைக் கொண்டுவந்து நீட்டும்போது எல்லோரையும் போலச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளமாட்டார். கையைக் கூப்பியபடி ஓர் அடி பின்னால் நகர்ந்து, என்னை முன்னால் தள்ளிவிடுவார். சூடம் அடித்ததில் உள்ளங்கை வெந்திருக்கும், அதனால்தான் நெருப்புக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த வருஷம் ஒரு மண்டலம் முடிந்து, சாமி எங்களை விட்டுவிட்டது என்று நான் துள்ளிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமையில், தீபத்தட்டுக்கு முன்னாலேயே அம்மாவின் வலது கையைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு தழும்புகூட இல்லை.

"ஆறிடுச்சேம்மா. இன்னும் ஏன் தொடமாட்டேங்குற?" என்று கேட்டேன்.

அம்மா என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். தட்டிலிருந்து விபூதியை மட்டும் எடுத்தார். தன் நெற்றியில் வைத்துக்கொள்ளாமல் என் நெற்றியில் பூசிவிட்டார்.